வரைவு முந்தட்டும், கையொப்பம் பிந்தட்டும்

நம் நாட்டில் கிரயப் பத்திரத்தைப் பலர் முதன்முதலாகக் காண்பது பதிவு நாளன்றுதான். காண்கிறார்களேயன்றிப் படிப்பதில்லை.

சார்பதிவாளர் காப்பார் என்பது வீண் நம்பிக்கை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அவரை விசாரிக்கச் சொல்வது, ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதா, எதிரே நிற்பவர் உரியவர்தாமா என்பவற்றையே. உள்ளே உள்ளது புரிந்ததா என்று கேட்கும் கடமையை அப்பிரிவு அவருக்கு விதிக்கவில்லை. 19ஆம் பிரிவு இன்னும் விந்தையானது: பதிவாளர் அறியாத, மாவட்டத்தில் வழங்காத மொழியில் ஆவணம் இருப்பின் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். அலுவலரின் அறியாமைக்கு ஏற்பாடு உண்டு. கையொப்பமிடுபவரின் அறியாமைக்கு அப்பிரிவில் இல்லை!

ஜெர்மனியில் நிலக் கிரய ஆவணத்தை நோட்டரியின் முன்னிலையில் இரு தரப்பாருக்கும் வாசித்துக் காட்டியாக வேண்டும். வணிக நிறுவனத்திடம் வீடு வாங்கும் நுகர்வோருக்கு, பொதுவாக இரு வாரம் முன்பே வரைவு சேர வேண்டும். நம் பதிவுச் சட்டம் ஒரு நாள் அவகாசமும் வகுக்கவில்லை.

“கொடுத்தாலும் யார் படிப்பார்? வீண் தாமதம்” என்பர். நான்கெல்லையில் ஒரு திசை மாறினால், வரைவில் பேனாக் கோடு போதும். பதிவுக்குப் பின்னரோ பிழைதிருத்தல் பத்திரம் வேண்டும். மறுதரப்பு மறுத்தால் உரிமையியல் வழக்கு. எது தாமதம்?

கோரிக்கை ஒன்றே: கையொப்பமிடுபவர் அறிந்த மொழியில், ஏழு நாள் முன்னரே வரைவு தரப்பட்டதற்கான சான்றின்றி எந்தக் கிரயமும் பதிவாகலாகாது. சட்டம் பயில்வோரே, ஒப்புதல் என்பது மைரேகையன்று; அறிந்து இசைதல்.