மாணவர் இதழில் யாருடைய கருத்து?

பள்ளிகளில் மாணவர் இதழ் கொண்டுவரும் வழக்கம் பெருகி வருகிறது. சில இடங்களில் கையெழுத்துப் பிரதி, சில இடங்களில் சுவரிதழ், வசதி இருந்தால் அச்சிதழ். பள்ளிக் கல்வித் துறையே 2022-இல் ஊஞ்சல், தேன்சிட்டு என இரண்டு சிறார் இதழ்களைத் தொடங்கியது. வரவேற்கிறோம். ஆனால் நம் பள்ளி இதழ்களைப் புரட்டினால் கவிதை உண்டு, விடுகதை உண்டு, பொது அறிவுத் துணுக்கு உண்டு. கருத்துப் பகுதிக்கு வந்தால் 'மரம் வளர்ப்போம்', 'காலம் பொன் போன்றது'. எவரும் மறுக்காத ஒன்றைச் சொல்வதற்குப் பெயர் கருத்து அல்ல.

நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பள்ளி இதழுக்கு அரைப் பக்கம் எழுதினாள். கழிவறைக்கு வாளியில் தண்ணீர் தூக்கும் வேலை எப்போதும் காலனிப் பிள்ளைகள் நான்கு பேருக்கே வருகிறது, வகுப்பில் எல்லாரும் முறை வைத்துத் தூக்கினால் என்ன என்பதுதான் அவள் கேட்டது. இதழ் வந்தபோது தலைப்பு 'சுத்தம் சுகம் தரும்'. முன்னுரை இருந்தது, முடிவுரை இருந்தது, நடுவில் ஒரு பழமொழியும் இருந்தது. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. வாளியும் இல்லை, அந்த நான்கு பேரும் இல்லை. அவளுடையதாக மிஞ்சியது கீழே இருந்த பெயர் மட்டுமே. திருத்திய ஆசிரியர் கெட்டவர் அல்லர். பிள்ளைக்கு உதவியதாகவே நினைத்திருப்பார். நமக்குக் கவலை தருவது அந்த உதவிதான்.

பிள்ளைகளுக்கு என்ன கருத்து இருந்துவிடும் என்று கேட்பவர்கள் முக்தா சால்வேயை அறிய வேண்டும். புனேயில் சாவித்ரிபாயும் ஜோதிராவ் புலேவும் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி. பதினான்கு வயதில் அவள் எழுதிய கட்டுரை, அமெரிக்க மிஷனரிகள் நடத்திய 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் 1855-இல் வெளியானது. வேதம் எங்களுக்கு இல்லை என்றால் எங்கள் மதம்தான் எது என்று அவள் கேட்டாள். கூரையில்லாத இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தம் பெண்களின் துயரத்தை எழுதினாள். ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது 1893-இல், அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது 1907-இல். இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு பள்ளிச் சிறுமி பத்திரிகையில் எழுதிவிட்டாள். 'அறியாமை நீக்குவோம்' என்று யாராவது அதைத் திருத்தி வெளியிட்டிருந்தால் இன்று நாம் அவள் பெயரையே அறிந்திருக்க மாட்டோம்.

எப்படி உதவுவது? தலைப்புக் கொடுக்காமல் கேள்வி கேளுங்கள். பள்ளியில் எது உனக்குச் சரியில்லை என்று படுகிறது? நீயே பார்த்தாயா, பிறர் சொல்லக் கேட்டாயா? எத்தனை முறை? அதை யாரால் மாற்ற முடியும்? மறுப்பவர் என்ன சொல்வார், அதற்கு உன் பதில் என்ன? இவற்றுக்கு விடை எழுதினாலே கட்டுரை ஆகிவிடும். ஒற்றுப்பிழையைத் திருத்தலாம். தமிழ் படித்தவர்கள் நாங்கள், எங்களுக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் 'எங்க தெரு' என்று பிள்ளை எழுதியதை 'நமது சமுதாயம்' என்று மாற்றாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, துணிச்சலாக எழுது என்று தட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் அந்தப் பிள்ளை தனியாக அடி வாங்க விடக் கூடாது. பெயர் போடலாமா என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் 'எட்டாம் வகுப்பு மாணவர்' என்பதும் வேண்டாம், சின்ன ஊரில் அதுவே போதும் கண்டுபிடிக்க. அடி, பாலியல் தொல்லை, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது போன்றவை எழுத்தில் வந்தால் அது இதழுக்கான கட்டுரை அல்ல, புகார். 1098-க்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ அதைக் கொண்டுசெல்வது பெரியவர்களின் கடமை.

இதழின் ஆசிரியர் குழுவையும் பாருங்கள். கையெழுத்து அழகாக உள்ளவர், முதல் மதிப்பெண் எடுப்பவர் என்று தேர்ந்தெடுத்தால் குழு முழுக்க ஊர்த்தெருப் பிள்ளைகளாகவே அமைந்துவிடுவதுண்டு. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்டு 2024-இல் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது. பதிவேட்டில் எடுத்துவிட்டு இதழ்க் குழுவில் வைத்துக்கொள்ளலாமா?

மாணவர் எழுதிய கேள்விக்குத் தலைமையாசிரியர் அடுத்த இதழிலேயே பதில் எழுதட்டும். தண்ணீர் தூக்க முறைப் பட்டியல் போட்டால் அந்தப் பட்டியலையும் அச்சிடட்டும்.