சும்மா இருக்கும் சிபியு

எங்கள் தளேகாவ் குடியிருப்பில் மாடிவீட்டுத் தம்பி மதுரைக்காரர். புனேயில் ஃபைல் சர்வர் வேலை. லோனாவாலா லோக்கலில் போகும்போது லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பழைய கெர்னல் ஓடும் சோதனை சர்வர். நெட்வொர்க்கில் ஃபைல் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் என்எஃப்எஸ்டி த்ரெட்கள் அத்தனையும் வரிசையாக ‘டி’ நிலையில், அதாவது தட்டினாலும் எழாத உறக்கத்தில் கிடந்தன. “சிபியு சும்மாதான் சார் இருக்கு, லோடு ஆவரேஜ் மட்டும் ஏறிக்கிட்டே போகுது” என்றார்.

அவை காத்திருந்தது ஒரு பூட்டுக்காக. 1984-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறையில், எந்த ஃபைலை யார் திறந்தார் என்பதை சர்வர் நினைவில் வைப்பதில்லை. நான்காம் பதிப்புதான் அந்தக் கணக்கை சர்வர் தலையில் கட்டியது. லினக்ஸ் அந்தக் கணக்கு முழுவதையும் ‘கிளையன்ட் மியூடெக்ஸ்’ என்ற ஒரே பூட்டுக்குள் வைத்தது. ஒருவர் ஒரு ஃபைலைத் திறக்கிறார், சம்பந்தமே இல்லாத இன்னொருவர் வேறொன்றை மூடுகிறார். இருவரில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும். உர்சே டோலில் எத்தனை லேன் போட்டாலும் ரசீதுப் புத்தகம் ஒன்றே ஒன்று என்றால் எப்படி இருக்கும்? வட்டில் படிப்பதும் எழுதுவதும் பூட்டுக்கு வெளியே நடந்தன, அதுவரை பிழைத்தோம்.

அப்படி எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பூட்டு என்றால் தப்பு நடக்காது.

அந்தப் பூட்டை எடுத்தது 2014 அக்டோபரில் வந்த 3.17 கெர்னல். ஜெஃப் லேட்டன், டிராண்ட் மிக்லெபஸ்ட் ஆகியோரின் உழைப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட பேட்ச்கள். கிளையன்டுக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று என்று சின்னப் பூட்டுகளாகப் பிரிப்பது பாதி வேலைதான். பெரிய பூட்டு சொல்லாமல் இன்னொரு காவலும் பார்த்துவந்தது: நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பதிவை வேறு யாரும் அழித்துவிட முடியாது. பூட்டு போனால் ஒரு த்ரெட் படிக்கும்போதே இன்னொன்று ‘குளோஸ்’ வந்ததென்று அந்த நினைவகத்தை விடுவித்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, கடைசி ஆள் விட்ட பிறகே அழிக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது.

பெங்களூரு ஐபிஎம்மின் தீபங்கர் சர்மாவும் மனீஷ் சோனியும் இதற்கு வெகுமுன்பே, லினக்ஸ் 2.5 வரிசையில், ஃபைல் பெயர்களைத் தேடும் டிகேஷில் இதே சிக்கலைத் தொட்டவர்கள். ஆர்சியு என்ற முறையால், தேடுகிறவர் பொதுப் பூட்டைத் தொடாமலே தேட வழி செய்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் அவர்கள் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை.

3.17-இலும் எல்லாப் பூட்டும் போய்விடவில்லை. ஒரு ஃபைலைத் தற்காலிகமாகக் கிளையன்ட் பொறுப்பில் விடும் ‘டெலிகேஷன்’ கணக்குக்கு ஒரு பொதுப் பூட்டை விட்டுவைத்தார்கள். தம்பிக்கு அதையும் உடைக்கக் கை துறுதுறுக்கிறது. அங்கே கூட்டம் நிற்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள் என்றேன்.