தேய்ந்த ரேகைக்கு யார் பொறுப்பு?

சிறு விவசாயிகளுக்குப் படிப்பு போதாது, அதனால்தான் கைப்பேசி வழிச் சேவைகள் எட்டவில்லை என்று கூட்டந்தோறும் சொல்லக் கேட்கிறேன். இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

2019-ல் தொடங்கிய பிரதமரின் கிசான் நிதியைப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தவணை நிற்காமலிருக்க ஆதார் வழியே அடையாளத்தை உறுதி செய்யவேண்டும். ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கு ரகசிய எண் வரும். இல்லையேல் பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைக்கவேண்டும். அன்று பதிந்த எண் பணம் கட்டாமல் எப்போதோ போயிருக்கும். ரேகையோ நாற்று நட்டு, களை பறித்து, கரும்பு வெட்டித் தேய்ந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த மூதாட்டி ஒருவர், பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியதை நானே கண்டேன். இதில் படிப்புக்கு என்ன வேலை?

(பட்டா இல்லாத குத்தகைதாரர் இத்திட்டத்தில் நுழையவே முடியாது, அது தனிக் கதை.)

2023-ல் முகத்தைக் காட்டி உறுதி செய்யும் முறை வந்தது. ரேகையும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். ஆனால் தொடுதிரைக் கைப்பேசி வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்று. அது வெளியூர் வேலைக்குப் போகும் மகன் சட்டைப்பையில்.

இதற்கும் வழி உண்டு. இம்முறையில் உறுதி செய்துகொண்ட ஒரு விவசாயி, தம் கைப்பேசியிலேயே அக்கம்பக்கத்தார் 100 பேருக்குச் செய்து தரலாம். அலுவலர் ஒருவர் 500 பேருக்குச் செய்யலாம். பிறகு ஏன் முதியவர்களைப் பேருந்து ஏற்றி அலைக்கழிக்கவேண்டும்? தவணை நின்றுபோனவர்கள் பெயர்களைத் திரட்டி, ஊருக்கே வந்து செய்து தரும்படி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள்.