சூரைச்செடியின் கீழே ஒரு அடை

களத்தில் நிற்கும் தம்பி தங்கைகளிடம் இப்போது நான் அதிகம் கேட்கும் சொல், "முடியல". வன்கொடுமைப் புகாரை வாங்க வைக்கவே நாள்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. நீதிமன்றப் படி ஏறும் நேரத்தில் சாட்சி பின்வாங்குகிறார். வீட்டிலோ, முதலில் படிப்பை முடித்துவிட்டு ஒரு வேலைக்குப் போ என்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பலர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்தச் சோர்வைப் பற்றிப் பேசுவதையே பலவீனமாக நினைக்கும் இயக்கப் பழக்கத்தைத்தான் குறை சொல்வேன்.

நான் கிறிஸ்தவள். அந்த நம்பிக்கை எனக்குத் திரும்பத் திரும்பத் தெம்பு தந்திருக்கிறது. இதைப் படிக்கும் பெரியாரியத் தோழர்கள் புருவத்தை உயர்த்துவார்கள், உயர்த்தட்டும். "ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி நம் சனத்தை உட்கார வைக்கும் பக்தி மீது எனக்கும் கோபம் உண்டு. இந்தியக் கிறிஸ்தவர்கள் சமூக அநீதிக்கு எதிராகப் போராட முன்வரவில்லை என்று அம்பேத்கர் எழுதினார். அந்தக் குற்றச்சாட்டுக்குத் திருச்சபை இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை.

ராயப்பேட்டை, கோபாலபுரம் பக்கம் ஓடும் ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் சிறகு விரித்த கழுகும் ஒரு வசன எண்ணும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏசாயா நாற்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம். பாபிலோனில் நாடிழந்து கிடந்த மக்களை நோக்கிச் சொன்னது. அதன் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பறப்பது, பிறகு ஓடுவது, கடைசியில் நடப்பது. மேடைப் பிரசங்கங்கள் கழுகோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அந்த நடைதான் முக்கியம். ஆர்ப்பாட்ட நாளில் எல்லோரும் பறக்கலாம். ஆறாவது வாய்தாவுக்கு மறுபடியும் பஸ் ஏறிப் போவது வேறு சங்கதி.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை எலியாவுடையது. அரசி யேசபேல் கொல்லத் தேடுகிறாள். எலியா தன் வேலைக்காரனைக்கூட பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, செத்துப்போனால் போதும் என்று கேட்கிறார். கடவுள் என்ன செய்தார் என்பதுதான் விசேஷம். திட்டவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று பிரசங்கம் வைக்கவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். மறுபடியும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி, இன்னொரு வேளைச் சாப்பாடு. ஓரேப் மலைக்கு நடக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அங்கே போயும் எலியா, நான் ஒருவன் மட்டும் மிஞ்சியிருக்கிறேன் என்றே புலம்புகிறார். உன்னைப் போல ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. எலிசாவும் துணைக்கு வருகிறார். பிறகு எலியா எதற்குத் திரும்பி வந்தார் தெரியுமா? நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக. பொய்ச்சாட்சி வைத்து ஒரு குடியானவனைக் கொன்று அவன் நிலத்தை ராஜா பிடுங்கிக்கொள்கிறான். அந்த ராஜாவின் முகத்துக்கு நேரே போய் நிற்கிறார். பஞ்சமி நிலத்துக்காக அலைந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இந்த அடையையும் தண்ணீரையும் இறையியலாகவே ஆக்கியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, 1940 முதல் 2005 வரை வாழ்ந்தவர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தார். பரட்டை என்றால்தான் பலருக்கும் தெரியும். கர்நாடக இசையும் மேலைநாட்டுக் கீதங்களும் கோலோச்சிய ஆராதனைக்குள் கிராமத்து மெட்டையும் பேச்சுத் தமிழையும் பறையையும் கொண்டுவந்தார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கருவி பலிபீடத்துக்கு முன்னால் முழங்கியது. அவர் பேசிய "ஒரே உலை" நம் சேரிகளிலிருந்து எடுத்தது: எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேகும், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். நற்கருணையை அவர் அப்படித்தான் வாசித்தார். சாதி எதைத் தடுக்கிறதோ, சேர்ந்து உண்பதை, அதையே வழிபாட்டின் நடுவில் வைத்தார்.

இந்தத் தெம்புக்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே.

சூசை வழக்கு நம் தெருவுக்குப் பக்கத்தில் பிறந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோட்டைத் தொடும் இடத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் அவர். சாலையோரத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுக்கும் திட்டத்தில், கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்று 1985இல் வழக்கு தள்ளுபடியானது. வெயிலில் உட்கார்ந்து ஊர்ச் செருப்பைத் தைத்த கை ஆதாரமாகத் தெரியவில்லை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், அதற்கும் காலநீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், மதம் மாறியவர் வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்றது. அடித்தவன் மதம் பார்த்து அடிக்கவில்லை, சட்டம் மட்டும் மதம் பார்க்கிறது.

அதனால் நம் மாணவர்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். எங்கிருந்து தெம்பு வருகிறது என்று வெளியே சொன்னால் கல்லூரி இடமே கேள்விக்குள்ளாகும். இதை ஏமாற்று என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள், நம்பிக்கைக்கும் உரிமைக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஆணையை ஏன் ஏமாற்று என்று எழுதுவதில்லை?

கோயிலுக்குள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? கதீட்ரல் சாலையில் நம் பக்கத்திலேயே இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பல சபைகள் ஒன்றாயின. ஆனால் பல ஊர்களில் இன்றும் கல்லறைத் தோட்டம் ஒன்றாகவில்லை. இதற்கெதிராகச் சண்டை போடவும் எனக்குத் தெம்பு வேண்டியிருக்கிறது, அதையும் அதே சுவிசேஷத்திலிருந்துதான் எடுக்கிறேன். இது முரண்பாடு என்று ஒரு தோழர் சொன்னார். இருக்கட்டுமே.

ஆகஸ்ட் 10 தலித் கிறிஸ்தவர்களுக்குக் கறுப்பு நாள். ஒவ்வொரு வருடமும் முழக்கமும் பதாகையும் முன்கூட்டியே தயாராகிவிடுகின்றன, வந்தவர்கள் பசியோடு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த முறை திட்டமிடும் கூட்டத்தில் முதல் பொருளாக, உலை எங்கே வைப்பது, யார் வீட்டிலிருந்து எவ்வளவு அரிசி வரும் என்று பேசலாம். நான் ஐந்து கிலோ கொண்டுவருகிறேன்.