பயிற்சி ஆட்டமும் ரசிகர் தீர்ப்பும்

பயிற்சி ஆட்டம் என்ற சொல்லிலேயே அதன் பொருள் அடங்கியிருக்கிறது. எனினும் நம் கிரிக்கெட் ரசிக மனம் அதனை ஏற்பதாயில்லை. 2019 உலகக் கோப்பைக்கு முன்பாக, மே 28 அன்று கார்டிஃப் நகரில் இந்தியாவும் வங்கதேசமும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்காவதாக இறங்கிய ராகுல் 108 ஓட்டங்கள், தோனி 113. நம் தமிழக வீரர் விஜய் சங்கர் 2. ஆட்டம் முடியும் முன்பே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது: நான்காம் இடம் ராகுலுக்கு, விஜய் சங்கர் அணிக்குச் சுமை. அண்ணனூரில் சென்ட்ரல் வண்டிக்குக் காத்திருந்தவர்களின் பேச்சிலும் இதற்கு மறுப்பில்லை.

அவருக்குக் கிடைத்த ஒரே பயிற்சி ஆட்டம் அது. வலைப்பயிற்சியில் கையில் அடிபட்டதால் நியூசிலாந்துடனான முந்தைய ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை. அந்த ஆட்டத்தில் நட்சத்திரங்கள் நிறைந்த அணி 179 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்த நட்சத்திரங்களுக்கு 'இது வெறும் பயிற்சிதானே' என்ற சலுகை கிடைத்தது, புதியவருக்குக் கிடைக்கவில்லை. நம் குறை இதுதான். தீர்ப்பு கூறுவது ரசிகரின் உரிமை. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுவது நியாயமாகாது.

தீர்ப்பின் ஆயுளையும் பார்க்கவேண்டும். தவானின் கட்டைவிரல் முறிய, ராகுல் தொடக்க ஆட்டக்காரரானார். ஜூன் 16 அன்று மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக விஜய் சங்கர் களமிறங்கினார். புவனேஸ்வர் குமார் காயத்தால் பாதியில் விட்ட ஓவரை முடிக்க வந்தவர், உலகக் கோப்பையில் தாம் வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை வீழ்த்தினார். மூன்று வாரம்கூடத் தாங்காத தீர்ப்பு அது.

அடுத்த ஆட்டங்களில் அவர் எடுத்தவை 29, 14. பெரிய ஓட்டங்கள் அல்ல, மறுக்கவில்லை. பிறகு கால்விரல் காயம். அத்தோடு தாயகம் திரும்பினார். அதன்பின் இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 'முப்பரிமாண வீரர்' என்ற கேலி மட்டும் நிலைத்துவிட்டது.

நம் ஊர் கார்ஷெட்டில் பழுதுபார்த்த மின்தொடரை ஓட்டிப்பார்ப்பது குறையைக் கண்டறிவதற்காகவே. குறை தென்பட்டதும் வண்டியைப் பழைய இரும்புக்கு எடை போடுவதில்லை. முதல் கதையைக் கொண்டே ஓர் எழுத்தாளனை முடித்துவைக்கும் விமர்சகனை இலக்கிய வாசகர்களாகிய நாம் மதிப்பதுமில்லை. மைதானத்திற்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

பயிற்சி ஆட்டத்தில் பார்க்கவேண்டியவை வேறு. கால் எங்கே நகர்கிறது, எந்தப் பந்தை விட்டுவிடுகிறான், தவறிய பின் அடுத்த பந்தை எப்படி எதிர்கொள்கிறான் என்பவை. ஓட்டப் பலகை இவற்றைச் சொல்லாது. பலகையை மட்டும் படித்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள், ஓர் இளைஞனின் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையேனும் நினைவில் வைக்கவேண்டும்.