வாசலில் வாங்குவதா, கடையில் கறப்பதா?

மாத்தளையில் கொக்கோ, மிளகு, கராம்பு வாங்கி விற்று முப்பது வருடங்களைக் கடத்தியவன் நான். கொக்கோ விதையைக் காயவைத்து, சாக்கில் நிறுத்துக் கொழும்புக்கு லொறியேற்றிவிட்டால் என் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அது என்னவாகிறது என்று நான் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டதில்லை. சொக்லேட் சாப்பிடும் பழக்கம்கூட எனக்குக் கிடையாது.

அப்படிப்பட்டவனைத்தான் பேர்மிங்காமில் இருக்கும் மகள், தன் பிள்ளைகளோடு "கட்பரி வேர்ல்ட்" பார்க்க அழைத்துக்கொண்டு போனாள். "அப்பா, சொக்லேட் பெக்டரி பார்க்கப் போறோம்" என்று பேரன் இரண்டு நாட்களாகவே குதித்துக்கொண்டிருந்தான். மருமகன் முன்கூட்டியே இணையத்தில் டிக்கட் எடுத்திருந்தார். ஆளுக்கு இருபது பவுண் மட்டில். நாங்கள் ஆறு பேர். கூட்டிப் பார்த்தால் நம் காசில் நாற்பதாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேரன் நினைத்ததுபோல் அது தொழிற்சாலை அல்ல. தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது; வாசனை மூக்கில் ஏறுகிறது; ஆனால் உள்ளே விடமாட்டார்கள். ஒரு காலத்தில் பொதுமக்களைத் தொழிற்சாலைக்குள்ளேயே அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார்கள். சுகாதாரக் காரணங்களுக்காக அது நின்றது. ஆனாலும் பார்க்க விரும்பியவர்கள் குறையவில்லை. ஆகவே 1990 இல் இந்தக் காட்சிக்கூடத்தைத் தனியாகக் கட்டினார்கள். காடுபோல் அமைத்து, கொக்கோ பிறந்த நாட்டின் கதை, பழைய கடைத்தெரு, சொக்லேட் செய்யும் விதம், ஆடும் கதிரையுள்ள சினிமா என்று வரிசையாக நடந்துபோக வேண்டும். கையில் சொக்லேட் கட்டிகளும் தருகிறார்கள்.

கொக்கோ காயைப் பிளந்து காட்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைச் சதையோடு விதையை எடுத்து, இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு வெயிலில் காயப்போடுவது நம்மூரில் எந்தத் தோட்டத்து வேலியோரத்திலும் இலவசமாகக் காணக்கூடிய காட்சி. அதற்குத்தானா எட்டாயிரம் ரூபா?

ஆனால் கடைத்தெருவில் என் கால் நின்றுவிட்டது. ஜோன் கட்பரி என்பவர் 1824 இல் பேர்மிங்காமின் புல் வீதியில் தேயிலை, கோப்பி, கொக்கோ விற்க ஒரு சில்லறைக் கடை போட்டார். நம்மைப்போல ஒரு கடைக்காரர்! அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்தன. ஆகவே பலர் வியாபாரத்தில் இறங்கினார்கள். பிரை, ரவுண்ட்ரீ என்ற சொக்லேட் குடும்பங்களும் அவர்கள்தான். குவேக்கர் வியாபாரிகளுக்கு ஒரு பெயர் இருந்தது: பேரம் கிடையாது, வருகிற எவருக்கும் ஒரே விலை. சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாமல் வரும் என்ற நம்பிக்கை. மகன்மார் 1879 இல் ஊருக்கு வெளியே போர்ன்வில்லில் தொழிற்சாலையைக் கட்டி, பின்பு தொழிலாளருக்கு வீடும் தோட்டமும் உள்ள கிராமத்தையும் எழுப்பினார்கள். அங்கே மதுக்கடைக்கு இடமில்லை. 2010 இல் அமெரிக்காவின் கிராப்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்போது மொண்டலீஸ் கையில் இருக்கிறது. குடும்பச் சொத்து போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

சரி, பணத்துக்குத் தகுமா? பிள்ளைகளுக்குத் தகும். மூன்று மணி நேரம் அவர்கள் அலுக்கவில்லை. பிள்ளையில்லாமல் பெரியவர்கள் மட்டும் போவதென்றால் நான் வேண்டாம் என்பேன். இறுதியில் உள்ள பெரிய கடைக்குள் டிக்கட் இல்லாமலும் நுழையலாம், அதுவே போதும்.

என் மனதைத் தைத்தது வேறொன்று. என் சகோதரியின் மகன் மாத்தளை வீதியோரக் காணியில் வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்று போட என்னிடம் பங்குக்குப் பணம் கேட்டிருக்கிறான். நம்மூர்த் தோட்டங்கள் பலவற்றின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. வாசலில் ஒரு சதமும் இல்லை. உல்லாசப் பயணியை இனிக்க இனிக்க அழைத்துப்போய், கறுவாவையும் ஏலத்தையும் காட்டி, முதுகையும் தடவிவிட்டு, கடைசியில் கடைக்குள் தள்ளுவார்கள். போத்தலில் விலை ஒட்டியிருக்காது. ஆளின் முகத்தைப் பார்த்து விலை. அதில் பெரும் பங்கு அழைத்து வந்த சாரதிக்கும் வழிகாட்டிக்கும் கொமிஷன். பிறகு அந்த வெள்ளைக்காரர் ஹோட்டலில் இணையத்தில் அதே எண்ணெயின் விலையைப் பார்த்துவிட்டு, நம் நாட்டையே திட்டி எழுதுகிறார்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், கொரோனா காலத்திலும், 2022 நெருக்கடியிலும் பயணிகள் வராதபோது இந்தத் தோட்டங்கள் வெறிச்சோடிக் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். சொந்த நாட்டுக்காரன் ஒருவனும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்ப்பான்? அவனுக்காக அங்கே எதுவும் வைக்கவில்லையே. கொழும்பில் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கொக்கோ மரத்தண்டில் காய் தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்? 2024 இல் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோ பத்தாயிரம் டொலரைத் தாண்டியபோதுதான் நம்மூரிலேயே பலர் வேலியோர மரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பேர்மிங்காமில் மரமில்லை, வெயிலில்லை, சொக்லேட் செய்வதையும் முழுதாய்க் காட்டவில்லை. ஆனால் கட்டணம் முன்னாலேயே தெரியும். கடையில் ஒவ்வொன்றிலும் விலை இருக்கிறது. எவரும் தொங்கிக்கொண்டு வரவில்லை. நான் கொடுத்தது அதிகம் என்று முணுமுணுத்தேனே தவிர, ஏமாந்தேன் என்று நினைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு வியாபாரிக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "வாசலில் டிக்கட் போடு. வெளிநாட்டவருக்கு ஒரு விலை, நம்மவருக்குச் சின்ன விலை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிலும் குறைவு. காயைப் பிளந்து காட்டு, பிள்ளைகள் கையால் விதையைப் பிசையட்டும், ஒரு சின்னக் கோப்பையில் சுடச்சுடக் கொக்கோ கொடு. போத்தல் ஒவ்வொன்றிலும் விலையை ஒட்டு. சாரதிக்குச் சாப்பாடும் தேநீரும் கொடு, கொமிஷன் வேண்டாம். சரியென்றால் பணம் தருகிறேன்."

"கொமிஷன் இல்லாட்டி ஒரு வேனும் திரும்பாது மாமா" என்றான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதல் இரண்டு வருடம் கை கடிக்கும். அந்த நட்டத்தில் பாதியை நான் தாங்குகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனவன் இன்னும் வரவில்லை. காசோலைப் புத்தகம் மேசை லாச்சியில்தான் இருக்கிறது.