பிறத்தியார் வீட்டுத் திறப்பு

"ஸ்பெயினிலே வீடு பார்க்கப் போகிறோம்" என்று ரெய்னர்ஸ் லேன் ஸ்ரேசனடியில் சந்தித்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அங்கையும் வீடு வாங்கிறியளோ?" என்றார். வாங்க அல்ல, ஆட்கள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ள என்றேன். "அப்ப வீட்டுக்காவல் எண்டு சொல்லுங்கோ" என்று சிரித்துவிட்டு ரெயின் ஏறினார்.

விஷயம் இதுதான். என்னுடன் முன்பு வேலை செய்த ஆங்கிலேயப் பெண்மணி இளைப்பாறியபின் ஸ்பெயினில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறார். அவர் வெளியூர் போகும் இரண்டு வாரமும் நாய்க்குச் சாப்பாடு, செடிக்குத் தண்ணீர். சம்பளமும் இல்லை, வாடகையும் இல்லை. அதன்பின் அவருடைய சிநேகிதி வீட்டில் இன்னொரு வாரம். இரண்டுக்கும் நடுவே நான்கு நாட்கள் எங்களுக்கு.

மனைவிக்கு அரை மனம். "இஞ்சாருங்கோ, ஆற்றையோ வீட்டிலை போய்ப் படுக்கிறதோ? ஒரு சாமான் குறைஞ்சால் எங்களைத்தானே கேட்பினம்?" என்றாள். என்றாலும் ஒக்டோபர் தொடக்கத்தில் போர்ட்ஸ்மவுத்தில் காரோடு கப்பல் ஏறினோம். சந்தந்தேர் துறைமுகம் சேர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். மனைவி பொரித்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் முழுவதையும் கப்பலிலேயே முடிக்கவேண்டியதாயிற்று. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நாங்கள் போனது பிரித்தானியப் பாஸ்போட்டில். எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான் அங்கே நிற்கலாம். அகதி அந்தஸ்துப் பெற்றுப் பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பெயினுக்கு விசா வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கு முடிவு வராதவர்கள் மட்டும் அசையவேண்டாம். நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். பாரிசில் மச்சாளின் கலியாணம் என்றாலும் பொறுத்திருங்கள்.

முதல் வீடு பலென்சியா பக்கம், தியெரா தெ கம்போஸ் என்னும் கோதுமைச் சமவெளியில். பச்சை மண்கல்லால் கட்டிய வீடுகள். வயல் நடுவே வீடளவு பெரிய புறாக்கூடுகள், அவையும் மண்தான். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பகல் இரண்டு மணிக்குக் கடை பூட்டினால் ஐந்து மணிவரை நாய்கூடக் குரைக்காது.

முதல் நாள் பொழுதுபட்டதும் மனைவி முன் விறாந்தை விளக்கைப் போட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது, அது யாருடைய வீடானாலும். மறுநாள் எதிர்வீட்டுக் கிழவி ஒரு பை நிறைய மெம்பிரியோப் பழத்துடன் வந்தார். பேச்சு எல்லாம் கைத்தொலைபேசி மொழிபெயர்ப்பில்தான். வழக்கமாக ஆள் இல்லாதபோது இருண்டு கிடக்கும் வீட்டில் வெளிச்சம் கண்டு சந்தோஷப்பட்டாராம்.

பக்கத்தில் பூட்டியிருந்தது அவருடைய தமையனின் வீடு. 1960 இல் ஸ்பெயினும் ஜேர்மனியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தபின் அந்த ஊர்களிலிருந்து போன இளைஞர்களில் அவரும் ஒருவர். திரும்பவில்லை. மாதம் ஒருதடவை தங்கை போய் யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மறுபடி பூட்டுகிறார். திறப்பு அவருடைய ஏப்ரன் பைக்குள் இருந்தது.

பிறகு தெற்கே. மற்ற வீட்டுக்குச் சுமார் 300 கிலோமீற்றர். ஒரு பகலில் ஓடிவிடலாம். நாங்கள் நான்கு நாளும் எடுத்தோம். நாட்டுப்புறச் சாலைகளில் வேக எல்லை 90. வலப்பக்கம் ஓட்டிப் பழகாத எனக்கு அதுவே அதிகம். ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் "வலம், வலம்" என்று மனைவி கோயில் வீதி சுற்றுவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சலமன்காவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஹெர்வாஸ் என்ற சிற்றூர். ஆற்றோரமாக மண்ணும் செஸ்ட்நட் மரமும் வைத்துக் கட்டிய பழைய யூதத் தெரு. 1492 இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. போனவர்களில் சிலர் வீட்டுத் திறப்பைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 2015 இல் அவர்களுடைய சந்ததியாருக்குப் பிரஜாவுரிமை கொடுக்க ஸ்பெயின் ஒரு சட்டம் இயற்றியது. 2019 வரை விண்ணப்பம் ஏற்றது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து!

இதை நான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருக்க மனைவி பேசாமல் நின்றாள். எனக்கு விளங்கியது. 1995 ஒக்டோபர் 30 இரவு இணுவிலில் நாங்களும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நடந்தோம். பூட்டின கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவள் அவள். 2003 இல் போனபோது சுவர்தான் நின்றது, கதவு நிலைகூட இல்லை. திறப்பு மட்டும் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பால்மாப் பேணிக்குள் கிடக்கிறது.

"எறியச் சொன்னனீங்கள்" என்றாள்.

"சொன்னனான்தான்" என்றேன்.

இரண்டாவது வீடு லா வேராவில். அது மிளகாய் அறுவடைக் காலம். சிவந்த மிளகாயை ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம் வாட்டி அரைக்கிறார்கள், ஊரே மணக்கும். மூன்று டப்பா வாங்கிவந்து நண்டுக்கறிக்குப் போட்டோம். நிறம் நல்லது, உறைப்புக் காணாது.

லண்டன் வந்த அன்று இரவே மனைவி இணுவிலில் உள்ள தன் தங்கைக்குப் போன் எடுத்து, எங்கள் வளவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒருவரும் இல்லையாம். கிணற்றடி முருங்கை மட்டும் நன்றாகக் காய்க்கிறதாம், அக்கம்பக்கத்தார் பிடுங்குகிறார்களாம். பிடுங்கட்டும், ஆனால் பின்னேரத்திலே ஒருதரம் எட்டிப் பார்க்கச் சொல்லு என்றாள்.